தொப்பை போட்ட கேபிளும் 31-ஆவது பத்தியும்

ஆய்வு அறிக்கையைத் திறந்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஒரு தூண்டில். மீன் பிடிக்கிற தூண்டில் கழிகளை நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டின் படம் அது. செங்குத்தாக ஒரு தண்டு, மேலே கவை மாதிரி ஒரு பிடி, கீழே தண்டில் ஏறி இறங்கும் இன்னொரு பிடி. என்னுடைய எண்டோஸ்கோப் ஹேங்கரில் புதுமை எதுவும் இல்லை என்று சொல்ல, காப்புரிமை ஆய்வாளர் எடுத்துக்காட்டிய முதல் ஆவணம் இதுதான்.

எனக்கு வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். மனிதனின் குடலுக்குள் போய் வரும் கருவிக்கும் மீன் பிடிக்கிற கழிக்கும் என்ன சம்பந்தம்? பதினான்கு வருடம் எண்டோஸ்கோப் கழுவும் அறையில் நின்றவள் நான். அந்த அறிக்கையை எழுதியவர் ஒரு ஸ்கோப்பையாவது கையில் தூக்கிப் பார்த்திருப்பாரா என்றுதான் அன்று நினைத்தேன். இப்போது அந்த அறிக்கையை மூன்று முறை முழுவதும் படித்துவிட்டேன், பதிலும் கொடுத்துவிட்டேன், வாய்மொழி விசாரணையும் முடிந்துவிட்டது. அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி என்று இப்போது தெரிகிறது. எப்படிச் சரி என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். வளையும் எண்டோஸ்கோப்பில் மூன்று பகுதிகள். டாக்டர் கையில் பிடிக்கும் கண்ட்ரோல் பாடி ஒன்று. சக்கரங்களும் வால்வுகளும் இருப்பது அதில்தான். அதன் அடியிலிருந்து நோயாளியின் உடம்புக்குள் போகும் நீளக் குழாய் இறங்குகிறது. பக்கவாட்டிலிருந்து இன்னொரு கேபிள் கிளம்பி, வெளிச்சமும் காற்றும் தண்ணீரும் தரும் இயந்திரத்தில் செருகும் கனெக்டரில் முடிகிறது. இரைப்பை பார்க்கும் ஸ்கோப்பில் உள்ளே போகும் குழாய் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். பெருங்குடல் பார்ப்பதில் ஒன்றரை மீட்டருக்கு முன்பின்.

வெளியே இருப்பவர்கள் பலரும் நினைப்பது, உடம்புக்குள் போகும் குழாயில்தான் அழுக்கு இருக்கும், அதைக் கழுவினால் போதும் என்று. அப்படியில்லை. ஸ்கோப்புக்குள் ஓடும் மெல்லிய குழாய்களைச் சேனல் என்போம். உறிஞ்சும் சேனலும் காற்று, தண்ணீர் சேனல்களும் கண்ட்ரோல் பாடியோடு நிற்பதில்லை. பக்கவாட்டுக் கேபிள் வழியாகக் கனெக்டர் வரை ஓடுகின்றன. கழுவும் தண்ணீர் அங்கேயும் போகும், அங்கேயும் தங்கும். ஈரம் தங்கினால் சூடோமோனாஸ் மாதிரிக் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சேனலின் உள்சுவரில் அவை பசை போலப் படலம் கட்டிவிட்டால், அடுத்த முறை கிருமிநாசினி ஓடினாலும் முழுதாகப் போகாது. அதனால்தான் ஸ்கோப்பைப் பெட்டிக்குள் சுருட்டி வைக்கக் கூடாது, வால்வுகளைக் கழற்றிவிட்டு, கோணச் சக்கரங்களின் பூட்டை விடுவித்து, நுனி தரையிலோ சுவரிலோ படாமல் தொங்கவிட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் எஸ்டி91 என்ற தரநிலை, 2021-இல் வந்த பதிப்பில், சேனல்களுக்குள் குறைந்தது 10 நிமிடம் காற்று செலுத்தி உலர்த்தச் சொல்கிறது. தொங்கவிடுவது அதற்கு மாற்று இல்லை, அதற்குத் துணை.

சரி, என் ஹேங்கர் எங்கே பிறந்தது?

ஒரு நாள் காலையில் அலமாரியிலிருந்து ஒரு பெருங்குடல் ஸ்கோப்பை எடுத்தேன். முந்தின நாள் மாலை கழுவி, காற்று செலுத்தி, நான்தான் தொங்கவிட்டது. எல்லா அலமாரியிலும் செய்வது போலக் கண்ட்ரோல் பாடி ஒரு கொக்கியில், கனெக்டர் அதே உயரத்தில் பக்கத்துக் கொக்கியில். நடுவில் கேபிள் தொங்கித் தொப்பை போட்டிருந்தது. கனெக்டரைக் கொக்கியிலிருந்து எடுத்து என் இடுப்பு உயரத்துக்குத் தாழ்த்தினேன். கனெக்டரின் வாயில் ஒரு சொட்டு உருண்டது. மேசையில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

இரண்டு சொட்டுத் தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் அது இரவு முழுக்க எங்கே இருந்தது என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. தொப்பையின் அடியில். அங்கிருந்து மேலே ஏறி இரண்டு பக்கமும் போக வழியில்லை. உள்ளே போகும் குழாய் நேராகத் தொங்குகிறது, வடிந்துவிடும். கேபிள் மட்டும் நாமே வளைத்துக் கிண்ணம் செய்து, தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறோம்.

அன்றிலிருந்து எனக்கு அது ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது. கோபால்ட் குளோரைடு தாள் என்று ஒன்று உண்டு. காய்ந்திருந்தால் நீலம், ஈரம் பட்டால் இளஞ்சிவப்பு. சேனலின் ஒரு முனையில் மெதுவாகக் காற்றைச் செலுத்தி, மறுமுனையில் அந்தத் தாளை நீட்டினால் உள்ளே ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடும். ஒரே மாதிரிக் கழுவிய, ஒரே நேரம் காற்று செலுத்திய ஸ்கோப்புகளை, ஒன்றைத் தொப்பையோடும் ஒன்றைக் கனெக்டர் கீழே வரும்படி நேராகவும் தொங்கவிட்டு மறுநாள் பார்த்தேன். ஆறு முறை பார்த்தேன். தொப்பை போட்டதில் தாளின் நடுவில் இளஞ்சிவப்புப் புள்ளிகள். நேராகத் தொங்கியதில் நீலம் நீலமாகவே இருந்தது.

கனெக்டரைச் சும்மா தொங்கவிட்டால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. கனெக்டர் கனமானது. தொங்கினால் ஆடும், பக்கத்து ஸ்கோப்பில் இடிக்கும், கேபிள் கண்ட்ரோல் பாடியில் சேரும் கழுத்துப் பகுதியை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் பாரத்தை ஏதாவது தாங்க வேண்டும். ஸ்கோப்புக்கு ஸ்கோப் கேபிளின் நீளமும் ஒன்றாக இருக்காது. அதனால் ஒரு தண்டு, மேலே கண்ட்ரோல் பாடிக்கு ஒரு கவை, கீழே தண்டில் ஏறி இறங்கும் ஒரு கிண்ணம். கிண்ணத்துக்கு அடி கிடையாது. கனெக்டர் வாய் கீழ்நோக்கி உட்காரும், தண்ணீர் நேராகக் கீழே உள்ள தட்டில் விழும். கிண்ணத்தை யாரும் பழைய பழக்கத்தில் மேலே ஏற்றிவிடக் கூடாது என்று தண்டில் ஒரு தடுப்பு முள்.

இதை வரைந்து எடுத்துக்கொண்டு காப்புரிமை ஏஜென்ட் ஒருவரிடம் போனேன். என்னைவிட இருபது வயது சின்னப் பெண். முதல் நாளே, "அக்கா, இது எதுக்குன்னு சொல்லாதீங்க, என்னென்ன பாகம்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். நான் பாகங்களைச் சொன்னேன். அவள் எழுதிய முதல் கிளெய்ம் இப்படி இருந்தது: மருத்துவ எண்டோஸ்கோப்பைத் தொங்கவிடுவதற்கான தாங்கி, அதில் ஒரு தண்டு, தண்டின் மேற்பகுதியில் ஒரு கவை, கவைக்குக் கீழே தண்டில் நகரக்கூடிய ஒரு பிடி. முடிந்தால் அகலமாகக் கிடைக்கட்டும், கிடைக்காவிட்டால் பிறகு குறுக்கிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. எல்லா ஏஜென்டும் அப்படித்தான் செய்வார்கள். தப்பில்லை.

கிளெய்ம் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்கு: விண்ணப்பத்தில் விளக்கம், படம், சுருக்கம் எல்லாம் இருக்கும். ஆனால் நமக்கு என்ன உரிமை வேண்டும் என்று எல்லை போட்டுக் காட்டுவது கிளெய்ம் மட்டும்தான். நிலத்துக்கு நான்கு எல்லைக் கல் மாதிரி. கல்லை அகல நட்டால் நிலம் பெரிது. ஆனால் அந்த எல்லைக்குள் ஏற்கனவே யாராவது குடிசை போட்டிருந்தால், அப்படி எல்லை போட்ட கிளெய்ம் நிற்காது.

எங்கள் எல்லைக்குள் இருந்த குடிசைதான் அந்தத் தூண்டில் ஸ்டாண்டு.

"எண்டோஸ்கோப்பைத் தொங்கவிடுவதற்கான" என்று நாம் தலைப்பிலேயே எழுதியிருக்கிறோமே, அது போதாதா என்று கேட்டேன். அப்போதுதான் இந்தத் துறையில் எனக்குப் பிடித்துப்போன ஒரு விஷயத்தை அவள் சொன்னாள். ஒரு பொருளுக்கான கிளெய்மில் "இன்னதற்கான" என்று எழுதினால், பல நாட்டு அலுவலகங்களும் அதை "இன்னதற்குப் பொருத்தமான" என்றுதான் படிக்கின்றன. பழைய பொருள் வேறு வேலைக்காகச் செய்யப்பட்டிருந்தாலும், நம் வேலைக்கும் அது அப்படியே ஒத்துவருமானால், நம்முடையது புதிதல்ல. ஜப்பான் காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வு வழிகாட்டியில் இதற்கு ஓர் உதாரணம் உண்டாம்: கிரேனில் மாட்டும் கொக்கி. உருவம் ஒன்றாகவே இருந்தாலும் தூண்டில் முள்ளை அதற்கு முன் உதாரணமாகக் காட்ட முடியாது, ஏனென்றால் கிரேன் கொக்கி என்றாலே அளவும் பலமும் வேறு. ஐரோப்பிய அலுவலகத்தின் வழிகாட்டி சொல்லும் உதாரணம், உருக்கிய எஃகை ஊற்றும் அச்சு. பிளாஸ்டிக் ஐஸ் தட்டுக்கும் அதே வடிவம் இருக்கலாம். ஆனால் எஃகை ஊற்றினால் தட்டே உருகிவிடும், அதனால் அது இதற்குள் வராது.

"அப்போ நம்மளும் அதைத்தான் சொல்லலாமே. தூண்டில் கழி விரல் தடிமன், கண்ட்ரோல் பாடி கைக்குள்ள அடங்காது" என்றேன்.

"ஆவணத்தைப் படிச்சீங்களா அக்கா? இல்ல படம் மட்டும் பார்த்தீங்களா?"

படம் மட்டும்தான் பார்த்திருந்தேன். அன்று இரவு முழுவதும் படித்தேன். அந்த ஸ்டாண்டின் மேல் கவை, கழியின் கைப்பிடி தடிமனுக்கு ஏற்ப அகலத்தைக் கூட்டிக் குறைக்கும்படி செய்யப்பட்டிருந்தது. உள்பக்கம் மெத்தென்ற பட்டை வேறு. எவ்வளவு அகலம் வரை விரியும் என்று எண்ணும் கொடுத்திருந்தார்கள். ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் எங்கள் ஸ்கோப்பின் கழுத்தை அளந்து பார்த்தேன். உட்காரும். தாராளமாக உட்காரும். நான் எழுதிக் கேட்ட எல்லைக்குள் அந்த ஸ்டாண்டு முழுதாக இருந்தது. ஆய்வாளர் ஸ்கோப்பைத் தூக்கிப் பார்த்தாரோ இல்லையோ, என் கிளெய்மை ஒவ்வொரு சொல்லாகத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

இதில் என் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விண்ணப்பிக்கும் முன் நானும் தேடினேன். உலகம் முழுவதும் காப்புரிமை ஆவணங்களை அலமாரி அலமாரியாகப் பிரித்து எண் போட்டு வைத்திருக்கிறார்கள். மருத்துவக் கருவிகளுக்கான தாங்கிகள் ஏ61பி 50/20 என்ற எண்ணில் இருக்கும். அதில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எண்டோஸ்கோப்புக்கான ஏ61பி 1-இலும் பார்த்தேன். ஆய்வாளர் அதோடு நிற்காமல் ஏ47பி 81-க்கும் போயிருக்கிறார். துப்பாக்கி, பனிச்சறுக்குக் கட்டை, தூண்டில் கழி மாதிரி நீளமான பொருள்களை வைக்கும் அலமாரிகள் அங்கே இருக்கின்றன. நீளமாக, ஒல்லியாக, மேலே கனமாக இருக்கும் ஒன்றை எப்படி நிறுத்துவது என்பதுதான் கேள்வி என்றால், அங்கே போகாமல் எங்கே போவது? நான் பொருளின் பெயரைத் தேடினேன். அவர் பொருளின் வேலையைத் தேடியிருக்கிறார்.

இரண்டாவது ஆவணம் எங்கள் துறையிலேயே உள்ளது. ஓர் எண்டோஸ்கோப் அலமாரி. மேலே வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியின் பக்கத்திலும் அதே உயரத்தில் கனெக்டருக்கு ஒரு மாடம். நான் தினமும் பார்த்த அலமாரியேதான். இந்த அலமாரியில் இருக்கும் கனெக்டர் மாடத்தைத் தூண்டில் ஸ்டாண்டின் நகரும் பிடியால் மாற்றுவது இத்துறையில் சாதாரணத் திறமை உள்ளவருக்கு எளிதில் தோன்றக்கூடியதே, எனவே புதுமை இருந்தாலும் கண்டுபிடிப்புப் படி இல்லை என்பது அறிக்கையின் இரண்டாம் பகுதி.

ஆக, அகலக் கிளெய்ம் போயிற்று. குறுக்க வேண்டும். எதை வைத்துக் குறுக்குவது?

எனக்கு ஒரு பெரிய நம்பிக்கை இருந்தது. விண்ணப்பம் போட்ட பிறகு ஹேங்கரை இன்னும் நன்றாகச் செய்திருந்தேன். கவையிலிருந்து கிண்ணம் வரை சரிவாக ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், வைத்து, கேபிளை அதில் படுக்கவிட்டேன். கேபிள் எவ்வளவு நீளமாக இருந்தாலும் எங்கேயும் தொய்யாது. அருமையாக வேலை செய்தது. பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளைகளுக்குக் கூடக் காட்டினேன், அவர்கள் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். இந்தக் காடியைக் கிளெய்மில் சேர்த்துவிட்டால் தூண்டில் ஸ்டாண்டு கிட்டவே வர முடியாது என்று ஏஜென்டிடம் சொன்னேன்.

போனில் சிறிது நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள்: "அக்கா, இந்தக் காடி விண்ணப்பத்துல எங்கயாவது எழுதியிருக்கா? படத்துல?"

இல்லை. எங்கேயும் இல்லை.

விண்ணப்பித்த நாளில் காகிதத்தில் எது இருந்ததோ அதுதான் நம் சொத்து. அதற்குப் பிறகு கிளெய்மைத் திருத்தலாம், குறுக்கலாம், ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கலாம். ஆனால் முதல் நாள் ஆவணத்தில் இல்லாத ஒரு பொருளை உள்ளே கொண்டுவர முடியாது. ஐரோப்பியக் காப்புரிமை ஒப்பந்தத்தில் 123(2)-ஆம் பிரிவு, இந்தியச் சட்டத்தில் 59-ஆம் பிரிவு, அமெரிக்கச் சட்டத்தில் 132-ஆம் பிரிவு. எங்கே போனாலும் இதே கதவுதான், இதே பூட்டுதான். நியாயமும் இருக்கிறது. இன்று கண்டுபிடித்ததற்கு நேற்றைய தேதியைப் போட்டுக்கொள்ள விட்டால், நடுவில் அதையே கண்டுபிடித்த இன்னொருவர் என்ன செய்வார்?

காடிக்குத் தனியாக ஒரு விண்ணப்பம் போடலாமே என்றால், அங்கேயும் சிக்கல். பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் நான் எந்தக் கட்டுப்பாடும் சொல்லாமல் காட்டிவிட்டேன். அந்த நிமிடமே அது ஊருக்குச் சொன்னதாகிவிட்டது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கண்டுபிடித்தவரே வெளியிட்டால் ஒரு வருடம் அவகாசம் தருகிறார்கள். ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது, மிகக் குறுகிய விதிவிலக்குகளைத் தவிர. என் காடியை எனக்கு எதிராகவே காட்டலாம். அன்று சோறு இறங்கவில்லை என்று சொன்னால் நம்புங்கள்.

மறுநாள் காலை அவளே அழைத்தாள். "31-ஆவது பத்தியைப் படிங்க அக்கா."

விண்ணப்பம் போடுவதற்கு முந்தின நாள் இரவு, எல்லாம் முடிந்து கையெழுத்து போடும் நேரத்தில், நான் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லி அடம்பிடித்திருந்தேன். அவளுக்கு அது தேவையாகப் படவில்லை. சேனல், சொட்டு என்று நான் பேசியது அவளுக்குப் பாதி புரியவும் இல்லை. ஆனாலும் என் வார்த்தையிலேயே சேர்த்திருந்தாள்: "கனெக்டர் கிண்ணத்தை மேல் கவைக்குக் கீழே இறக்கி நிறுத்துவதால் கேபிள் நடுவில் தொய்வதில்லை; அதன் சேனல்களில் தங்கிய நீர் கனெக்டரின் வாய் வழியே, கிண்ணத்தின் திறந்த அடி வழியே வடிகிறது. தடுப்பு முள் 27, கிண்ணம் இந்த நிலைக்கு மேல் ஏறாமல் தடுக்கிறது." நான்காவது படத்தில் 27 என்ற எண்ணோடு முள்ளும் இருந்தது. அடியில்லாத கிண்ணத்தின் வெட்டுத் தோற்றமும் இருந்தது.

நாற்பது பத்திக்கு மேல் உள்ள விண்ணப்பத்தில், தொப்பையைப் பற்றிப் பேசுவது இந்த ஒரு பத்திதான். மற்ற பத்திகள் எல்லாம் இடம் மிச்சம், இடிக்காது, எடுக்க வைக்கச் சுலபம் என்று போகின்றன. என் கண்டுபிடிப்பே அந்த இரண்டு சொட்டுத் தண்ணீர்தான் என்பதை நானே எழுத மறந்திருக்கிறேன். தினமும் கையில் பழகுகிறவர்களுக்கு இது நேரும். நமக்கு அது அவ்வளவு தெரிந்த விஷயமாகிவிடுவதால், எழுத வேண்டிய ஒன்றாகவே தோன்றாது.

முதல் திருத்தத்தில் "கேபிள் தொய்வில்லாமல் இருக்கும்படி அமைக்கப்பட்ட பிடி" என்று எழுதினோம். ஆய்வாளர் ஏற்கவில்லை. கிடைக்க வேண்டிய பலனைச் சொல்லியிருக்கிறீர்கள், அதைக் கொடுக்கும் அமைப்பைச் சொல்லவில்லை, தெளிவில்லை என்றார். மறுபடி எழுதினோம். அடி திறந்த கிண்ணம், வாய் கீழ்நோக்கிய கனெக்டரைத் தாங்கும் உள்விளிம்பு, கவைக்குக் கீழே குறிப்பிட்ட இடத்தில் தண்டில் பொருத்திய முள், அந்த முள்ளுக்குக் கீழே மட்டுமே நகரும் கிண்ணம். பலனைத் தனியே கடைசியில் வைத்தோம்.

புதுமை பிரச்சினை அதோடு தீர்ந்தது. தூண்டில் ஸ்டாண்டின் கீழ்ப்பிடிக்கு அடி உண்டு. கழியின் முனை அதில்தான் ஊன்றி நிற்கிறது. முள்ளும் இல்லை. மிச்சம் இருந்தது, இதெல்லாம் எளிதில் தோன்றக்கூடியதுதானே என்ற கேள்வி. அதுதான் கடினமான பகுதி, ஏனென்றால் விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கைப் பார்த்தால் எந்தக் கணக்கும் சுலபம்தான்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007-இல், ஒரு கார் பெடல் வழக்கில், சாதாரணத் திறமை உள்ளவர் என்றால் சாதாரணப் படைப்புத் திறனும் உள்ளவர்தான், இயந்திரம் அல்ல என்று சொன்னது. தெரிந்த துண்டுகளைத் தெரிந்த விதத்தில் ஒட்டி, எதிர்பார்த்த பலனே கிடைத்தால் அதற்கு உரிமை கேட்பது கடினம். ஐரோப்பிய ஆய்வாளர்கள் இதையே வேறு கேள்வியாகக் கேட்பார்கள். செய்திருக்க முடியுமா என்பதோடு விடமாட்டார்கள். செய்திருப்பாரா, செய்யத் தூண்டும் காரணம் ஏதாவது அந்த ஆவணங்களில் இருந்ததா என்று பார்ப்பார்கள். எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்திருந்தது. ஏனென்றால் இதற்குப் பதில் என் அறையிலேயே இருந்தது. பதினான்கு வருடம் அந்தத் தொப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். கை எட்டும் தூரத்தில் இருந்தது. என்னோடு வேலை பார்த்தவர்களும் பார்த்தார்கள். யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் "எங்களுக்குத் தோன்றவில்லை" என்பது வாதம் ஆகாது. ஆவணத்திலிருந்து காட்ட வேண்டும். அலமாரி ஆவணத்தை வரி வரியாகப் படித்தேன். அதன் நடுவில் ஒரு வாக்கியம் இருந்தது. கனெக்டரை உயரத்தில் வைக்க வேண்டும், அப்போதுதான் அதன் மின்முனைகள் தரையின் ஈரத்திலிருந்தும் வடிநீரிலிருந்தும் காக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அந்த ஆவணத்தைப் படிக்கும் எவரும் கனெக்டரை மேலேதான் வைப்பார். கீழே இறக்கு என்று அது சொல்லவில்லை, இறக்காதே என்று சொல்கிறது. தூண்டில் ஸ்டாண்டிலோ கீழ்ப்பிடி நகர்வது கழியின் நீளத்துக்காக. தண்ணீர் வடிவதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கூட இல்லை. இரண்டையும் ஒட்டவைக்கச் சொல்லும் கை எங்கேயும் இல்லை.

கோபால்ட் தாள் சோதனையையும் இணைத்தோம். பின்னால் கொடுக்கும் சோதனை முதல் நாள் எழுதிய பலனுக்கு வலு சேர்க்கலாம், எழுதாத பலனை உண்டாக்க முடியாது என்று ஏஜென்ட் எச்சரித்தாள். 31-ஆவது பத்தியில் "வடிகிறது" என்ற சொல் இருந்ததால்தான் அந்த நீலத் தாள்களுக்கு அங்கே இடம் கிடைத்தது.

விசாரணை வீடியோவில் நடந்தது. ஆய்வாளர் நடுத்தர வயதுக்காரர், சத்தம் போடாமல் பேசினார். சட்டமெல்லாம் ஏஜென்ட் பேசினாள். கடைசியில் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அந்த முள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? கிண்ணத்தைக் கீழே வைக்க வேண்டும் என்று ஊழியர்களுக்குச் சொன்னால் போதாதா?"

நான் சொன்னேன்: "சார், வேலை முடியற நேரத்துல பத்து ஸ்கோப் வரிசையா நிக்கும். கை தானாவே கனெக்டரைத் தோள் உயரத்துக்குத் தூக்கும், அத்தனை வருஷப் பழக்கம். குனியறதும் சிரமம். முள் இருந்தா கை அங்க போக முடியாது. சொல்லிப் பார்த்தேன் சார், ரெண்டு வாரம். மூணாவது வாரம் எல்லாக் கிண்ணமும் மேல இருந்துச்சு."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு, முள்ளின் இடத்தைக் கவையிலிருந்து எவ்வளவு கீழே என்று அளவாகக் குறிப்பிட முடியுமா என்று கேட்டார். விண்ணப்பத்தில் அளவு எதுவும் இல்லை. நான்காவது படத்தை அளந்து சொல்லலாமே என்று எனக்குத் தோன்றியது. ஏஜென்ட் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துவிட்டாள். படம் அளவுப்படி வரைந்தது என்று எங்கேயும் சொல்லவில்லை, அதிலிருந்து எண் எடுத்தால் அதுவும் புதிதாகச் சேர்த்ததாகிவிடும். "கவையில் தாங்கப்படும் கண்ட்ரோல் பாடியின் கேபிள் வெளியேறும் இடத்துக்குக் கீழே" என்று அவள் சொன்னாள். அந்தச் சொற்கள் 22-ஆவது பத்தியில் இருந்தன. அவர் அந்தப் பத்தியைத் திறந்து, மெதுவாக ஒருமுறை வாசித்து, சரி என்றார்.

காப்புரிமை தருவதாகச் சொன்ன கடிதம் ஆறு வாரம் கழித்து வந்தது. முதல் கிளெய்ம் இப்போது பதினோரு வரி. முதலில் கேட்டது மூன்று வரி. நிலம் சின்னதாகிவிட்டது, ஆனால் அதற்குள் யாருடைய குடிசையும் இல்லை.

காடி இப்போது யாருக்கும் சொந்தமில்லை. வேண்டுமானால் நீங்களும் செய்துகொள்ளுங்கள்: கவையின் அடியிலிருந்து கிண்ணத்தின் விளிம்பு வரை ஒரே சரிவு, கேபிளை இறுக்காத அகலம், உள்பக்கம் துடைக்க வசதியாக மூலைகள் இல்லாத வளைவு. தடிமனான கேபிளுக்கும் மெல்லிய கேபிளுக்கும் ஒரே காடி போதும்.

வேலை முடிந்ததும் இப்போதெல்லாம் ஒரு நோட்டு வைத்து எழுதுகிறேன், தேதி போட்டு. நேற்று எழுதியது, சொட்டு விழும் தட்டைப் பற்றி: தட்டு நிறைவதில்லை, ஆனால் காலையில் அதன் நடுவில் காய்ந்த வெள்ளை வட்டம் தெரிகிறது, கடைசியாக அலசிய தண்ணீரில் உப்பு இருக்கலாம், வட்டம் எந்த ஸ்கோப்புக்குக் கீழே வருகிறது என்று ஒரு வாரம் குறிக்க வேண்டும். யாரிடமும் இன்னும் காட்டவில்லை.